மெயில் சர்வர் திணறாமல் இருக்க மூன்று கணக்குகள்



சில்லறைக் கடைகளிலிருந்து நமக்கு வரும் ஆர்டர்கள் இப்போது பெரும்பாலும் போனிலும் வாட்ஸ்அப்பிலும் வருகின்றன. ஆனால் மில்காரர் அனுப்பும் இன்வாய்ஸ், கம்பெனிகளின் ஸ்டேட்மெண்ட், பேங்க் கடிதம், ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போன்றவை இன்றும் இ-மெயிலில்தான் வருகின்றன. ஜி.எஸ்.டி. பதிவின்போது நாம் கொடுத்த இ-மெயில் முகவரிக்கு அனுப்புவதும் நோட்டீஸ் சேர்ப்பிக்கும் வழிகளில் ஒன்று என்று அந்தச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு கூறுகிறது. பெட்டி நிரம்பியிருந்தது, மெயில் பார்க்கிற பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்று பிறகு நாம் காரணம் சொன்னால், அது எடுபடும் என்று நம்பி இருக்க முடியாது.

நம் மொத்த வியாபாரிகளில் சிலரும், ஏஜென்ஸிக்காரர்களும், சங்க அலுவலகங்களும் தங்கள் பெயரிலேயே இ-மெயில் முகவரி வைத்து, அதற்கென ஒரு சர்வரையும் சொந்தமாகவோ வாடகைக்கோ வைத்திருக்கிறார்கள். அதைக் கம்ப்யூட்டர் பையன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுவது நம் வழக்கம். குடோன் சாவியையும் இருப்புக் கணக்கையும் நாம் அப்படி விட்டுவிடுவதில்லை. மெஷினைத் திருகுகிற வேலை தம்பிகளுடையதாக இருக்கட்டும். யாரை உள்ளே விடுவது, யாருக்கு எவ்வளவு இடம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற மூன்றையும் முடிவு செய்வது முதலாளியின் வேலை. மெயில் சர்வர் படுத்துவிட்டது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் போய் முடிவதை நாம் பார்த்திருக்கிறோம். நாம் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை, கம்ப்யூட்டர் படிக்காத நம்மவர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

யூனிக்ஸ் சர்வர் என்பது என்ன?

யூனிக்ஸ் என்பது கம்ப்யூட்டரை நடத்தும் அடிப்படை ஏற்பாடு. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் இதைத் தொடங்கினர். ஒரே மெஷினைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதற்காக உருவானது இது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு எண், ஒரு பாஸ்வேர்டு, ஒரு தனி அறை என்ற ஒழுங்கு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இதே வழிமுறையில் அமைந்ததுதான். இன்று நம் ஊரில் மெயில் சர்வர் என்று வைத்திருப்பது அநேகமாக லினக்ஸ் மெஷின்தான்.

அதற்குள் கடிதத்தைக் கையாளுகிற புரோகிராம் வேறு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் நெடுங்காலம் உலகெங்கும் ஓடியது. 1990-களின் இறுதியில் வீட்சே வெனிமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் இப்போது பல இடங்களில் இருக்கிறது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே. லாரி புக்கிங் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் பார்சலை வாங்கிப் பதிவு செய்கிறார். உடனே அனுப்ப முடியாதது ஷெட்டில் காத்திருக்கிறது. இதை க்யூ என்கிறார்கள். உள்ளூருக்கு உரியது அவரவர் பெட்டியில் போடப்படுகிறது. பெட்டியைத் திறந்து கடிதத்தைக் காட்டுவதற்குத் தனியாக வேறொரு புரோகிராம் இருக்கிறது. வாசல், ஷெட், பெட்டி, படிக்கும் கவுண்டர் ஆகிய நான்கில் எங்கே நெரிசல் என்று தெரிந்தால்தான் சரி செய்ய முடியும்.

முதல் கணக்கு: ஆள்

ஒருவருக்கு ஒரு முகவரி, ஒரு பாஸ்வேர்டு என்பது முதல் விதி. பில் போடுகிற மூன்று பேரும் ஒரே பாஸ்வேர்டை வைத்துக்கொண்டால், தவறான விலைப் பட்டியலை அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒருவர் வேலையை விட்டால் மற்ற இருவருக்கும் பாஸ்வேர்டு மாற்றித் தர வேண்டியிருக்கும்.

ஆர்டர், கணக்கு, வரி போன்ற பொது முகவரிகளை ஆள் பெயரில் வைக்கக் கூடாது. யூனிக்ஸில் இதற்கு ‘ஏலியாஸ்’ என்ற ஏற்பாடு உண்டு. ‘ஆர்டர்’ என்ற முகவரிக்கு வருவது இன்னின்னாருக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். ஆள் மாறினால் அந்த வரியை மட்டும் மாற்றலாம். வெளியில் நூறு வியாபாரிகளுக்குப் புது முகவரி சொல்ல வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், பேங்க் ஆகியவற்றில் பதிவு செய்கிற முகவரி இப்படிப்பட்ட பொது முகவரியாக இருப்பது நல்லது. அந்த முகவரிக்கு வருவது முதலாளிக்கும் ஒரு பிரதி வர வேண்டும்.

வேலையை விட்டுப் போகிறவர் விஷயத்தில்தான் அதிகக் கவனம் தேவை. “பாஸ்வேர்டைப் பூட்டிவிட்டேன்” என்று கம்ப்யூட்டர் பையன் சொன்னால் அதோடு வேலை முடிந்துவிடவில்லை. யூனிக்ஸில் ஒருவர் தம் அறையில் ‘ஃபார்வர்டு’ என்ற சிறு சீட்டு ஒன்றை எழுதி வைக்கலாம். தமக்கு வரும் கடிதத்தை வேறு முகவரிக்கு அனுப்பிவிடு என்று அதில் எழுதியிருக்கும். பாஸ்வேர்டு பூட்டப்பட்டாலும் அந்தச் சீட்டு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நேற்று நம்மிடம் கணக்கு எழுதியவர் இன்று போட்டிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, நமக்கு வரும் கொள்முதல் விலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. லீவில் போனபோது வசதிக்காக எழுதி வைத்த சீட்டு, எடுக்காமல் விட்டால், அப்படியே கிடக்கும்.

ஆகவே ஒருவர் கணக்கு முடித்துச் செல்கிற அன்றே ஐந்து காரியங்களைச் செய்யச் சொல்லுங்கள். பாஸ்வேர்டைப் பூட்ட வேண்டும். பாஸ்வேர்டு இல்லாமலே நுழைய உதவும் ‘கீ’ எதுவும் இருந்தால் எடுக்க வேண்டும். அவருடைய போனிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் திறந்திருக்கும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஃபார்வர்டு சீட்டை நீக்க வேண்டும். அவர் பெயருக்கு வரும் கடிதம் இனி யாருக்குப் போக வேண்டும் என்று எழுத வேண்டும்.

அவருடைய பழைய கடிதங்களை உடனே அழித்துவிட வேண்டாம். பாக்கி வசூலுக்கும் வரித் தகராறுக்கும் அவை சாட்சி. ஓரிடத்தில் பிரதி எடுத்து வைத்த பிறகே கணக்கை நீக்கலாம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. யூனிக்ஸ் ஆளைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால்தான் அறிகிறது. பழைய ஆளின் ஃபைல்கள் கிடக்கும்போதே அவருடைய எண்ணைப் புது ஆளுக்குக் கொடுத்துவிட்டால், அந்த ஃபைல்கள் அனைத்தும் புதியவருக்குச் சொந்தமாகிவிடும். காலி செய்த கடைக்குள் பழையவரின் சரக்கு இருக்கப் புதியவருக்குச் சாவி கொடுத்தது போல ஆகும். எனவே பழைய எண்ணை மறுபடி கொடுப்பதில்லை என்று வைத்துக்கொள்வது நலம்.

மெயில் மட்டும் பார்க்கிறவருக்குச் சர்வருக்குள்ளே புகுந்து கட்டளை கொடுக்கும் உரிமை எதற்கு? அந்த வாசலை மூடி, மெயில் கவுண்டர் வரை மட்டும் வர அனுமதிக்க யூனிக்ஸில் வழி இருக்கிறது. கல்லாவைத் தொட வேண்டியவர் மட்டுமே கல்லாப் பக்கம் வருவது போலத்தான் இதுவும்.

இரண்டாம் கணக்கு: இடம்

இடத்துக்கு அளவு வைக்காத சர்வரில் ஒருவர் பெட்டி மற்ற எல்லோர் பெட்டியையும் தின்றுவிடும். யூனிக்ஸில் இதற்குக் ‘கோட்டா’ உண்டு. ரேஷன் கோட்டா அறிந்த நமக்கு இது புதிதல்ல. இதில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. முதல் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். குறைத்துக்கொள்ளத் தவணை உண்டு. வழக்கமாக இந்தத் தவணை 7 நாள். இரண்டாம் கோட்டைத் தாண்டவே முடியாது. கோட்டா வைப்பவர் இரண்டையும் வைக்க வேண்டும். எச்சரிக்கை இல்லாமல் கதவை மூடினால் நோட்டீஸும் இன்வாய்ஸும் திரும்பிப் போகும்.

எல்லோருக்கும் ஒரே கோட்டாவும் சரிவராது. வரி முகவரிக்கும் ஆர்டர் முகவரிக்கும் தாராளமாக இருக்க வேண்டும். எல்லோருடைய கோட்டாவையும் கூட்டினால் டிஸ்க்கின் மொத்த அளவைவிடக் குறைவாக வர வேண்டும் என்பது நாம் கடைப்பிடிக்கும் விதி. 20 பேருக்கு ஆளுக்கு 15 ஜி.பி. என்றால் 300 ஜி.பி. கணக்கு வருகிறது, 400 ஜி.பி. டிஸ்க் இருந்தால் மூச்சுவிட இடம் இருக்கும். விமானக் கம்பெனி டிக்கெட் விற்பது போலக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்று நம்புவதும் உண்டு. சிறிய சர்வரில் அது வேண்டாம்.

இணைப்புகளின் எடையும் அறிய வேண்டியது. இ-மெயிலில் படமோ பி.டி.எஃப். கோப்போ சேர்த்தால், அது வழியில் செல்வதற்காக எழுத்துகளாக மாற்றப்படுகிறது. அப்போது 3 பங்கு 4 பங்காகும். 6 எம்.பி. படம் 8 எம்.பி. ஆகிவிடும். அதை அலுவலகத்தில் 25 பேருக்கு அனுப்பினால் 25 பெட்டிகளிலும் சேர்ந்து 200 எம்.பி. போயிற்று. பண்டிகை வாழ்த்துப் படம் ஒன்று இவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு கடிதத்துக்கு ஆரம்பத்தில் வைத்திருக்கும் உச்ச அளவு சுமார் 10 எம்.பி. சிலர் அதை 50, 100 என்று உயர்த்தச் சொல்வார்கள். தேவை இல்லாமல் உயர்த்தாதீர்கள்.

இடம் இருந்தும் “இடமில்லை” என்று சர்வர் சொல்கிற நேரமும் உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் ஒரு பதிவு எண் வேண்டும். அந்தப் பதிவுகளுக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு கடிதத்தையும் தனி ஃபைலாக வைக்கும் முறையில் லட்சக்கணக்கான சிறு கடிதங்கள் சேர்ந்தால், டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கும்போதே பதிவு எண்கள் தீர்ந்துவிடலாம். குடோனில் இடம் இருந்தும் டோக்கன் புத்தகம் தீர்ந்துபோனது போல. காலி இடத்தைப் பார்க்கச் சொல்லும்போது இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய சர்வர்களில் ஒருவரின் எல்லாக் கடிதங்களும் ஒரே நீண்ட ஃபைலில் பேரேடு போல எழுதப்பட்டிருக்கும். நடுவில் ஒரு கடிதத்தை அழித்தால் அந்தப் பேரேட்டையே மறுபடி எழுத வேண்டும். பெட்டி 500 எம்.பி. என்றால் ஒரு சிறு கடிதத்துக்காக அவ்வளவு எழுத்து வேலை நடக்கும். இதற்கு மாற்றாக, கடிதத்துக்கு ஒரு ஃபைல் என்ற ‘மெயில்டிர்’ முறையை 1990-களில் டேனியல் பெர்ன்ஸ்டைன் தம்முடைய க்யூமெயில் புரோகிராமில் கொண்டுவந்தார். உங்கள் சர்வரில் எது என்று கேட்டு வையுங்கள். பேரேட்டு முறை என்றால் பெரிய பெட்டிகள் சர்வரையே மந்தமாக்கும்.

மூன்றாம் கணக்கு: கூட்டம்

காலை 10 மணிக்கு எல்லோரும் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது மெயில் வரவில்லை என்று கூச்சல் எழும். உடனே புது மெஷின் வாங்க வேண்டும் என்ற யோசனை வரும். பணத்தை எடுக்குமுன் ஒரு எண்ணைக் கேளுங்கள். யூனிக்ஸில் ‘அப்டைம்’ என்று தட்டினால் கடைசியில் மூன்று எண்கள் வரும். இவற்றை லோடு ஆவரேஜ் என்கிறார்கள். கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடங்களில் சராசரியாக எத்தனை வேலைகள் நடந்துகொண்டோ, காத்துக்கொண்டோ இருந்தன என்பதை அவை காட்டும்.

தராசு ஒன்று, எடை போட வந்தவர் ஒருவர் என்றால் லோடு 1. தராசு ஒன்று, வந்தவர் நால்வர் என்றால் லோடு 4, மூவர் காத்திருக்கிறார்கள். தராசு நான்கு இருந்தால் லோடு 4 என்பது சரியான வேலை, யாரும் காத்திருக்கவில்லை. எனவே பிராசஸர் எத்தனை என்று தெரியாமல் லோடு எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் எண் மூன்றாம் எண்ணைவிடப் பெரிது என்றால் கூட்டம் ஏறுகிறது. சிறிது என்றால் கலைகிறது.

லினக்ஸில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிராசஸருக்காகக் காத்திருப்பவர் மட்டுமன்றி, டிஸ்க்குக்காகக் காத்திருப்பவரும் இந்த எண்ணில் சேர்கிறார். மெயில் சர்வரில் பெரும்பாலான வேலை டிஸ்க்கில் எழுதுவதும் படிப்பதும்தான். தராசுகள் சும்மா இருக்க, குடோன் வாசலில் மூட்டைக்காக நிற்கிற கூட்டம் போன்றது இது. அப்போது வேகமான பிராசஸர் வாங்குவது நாலு தராசு கூடுதலாக வாங்கி வைப்பதற்கு ஒப்பானது. பணம் போகும், வரிசை குறையாது. பிராசஸர் எவ்வளவு சும்மா இருக்கிறது, டிஸ்க்குக்காக எவ்வளவு காத்திருக்கிறது என்பதை ‘டாப்’ என்ற கட்டளை காட்டும். டிஸ்க்தான் காரணம் என்றால் பழைய சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவது பலன் தரும். மெமரி போதாமல் போனாலும் சர்வர் டிஸ்க்கையே மெமரியாகப் பயன்படுத்தத் தொடங்கும். லோடு ஒரேயடியாக ஏறும். வைரஸ் சோதிக்கும் புரோகிராம்கள் மெமரியை நிறையச் சாப்பிடுபவை. ஒரே நேரத்தில் எத்தனை கடிதங்களைச் சோதிக்கலாம் என்பதை மெமரிக்குத் தக்கபடி குறைத்து வைக்க வேண்டும்.

செலவில்லாமல் குறைக்கும் வழிகளும் உண்டு. புது மெயில் வந்திருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கும்படி 20 கம்ப்யூட்டர்களில் வைத்திருந்தால், சர்வர் மணிக்கு 1,200 முறை பதில் சொல்ல வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்று மாற்றினால் 80 முறை போதும். ‘ஐமாப்’ முறையில் போனும் கம்ப்யூட்டரும் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். ஒருவர் பெயரில் எத்தனை இணைப்பு என்று ஓர் அளவு வைக்க வேண்டும். பேக்கப் எடுக்கும் வேலையைக் கடை மூடிய பிறகு இரவில் வைக்க வேண்டும்.

கூட்டம் அளவு மீறும்போது நல்ல மெயில் சர்வர் என்ன செய்கிறது என்பது நமக்கே ஒரு பாடம். ஒரு பிராசஸர் உள்ள மெஷினில் லோடு 8-ஐத் தொட்டால், வந்த கடிதத்தை வாங்கி ஷெட்டில் வைத்துவிட்டு, அனுப்பும் வேலையைச் சென்ட்மெயில் பிறகு பார்த்துக்கொள்ளும். 12-ஐத் தொட்டால் வாசலிலேயே புது இணைப்பை ஏற்க மறுக்கும். இந்த எண்களை நம் மெஷினுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். மறுத்தால் கடிதம் தொலைந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். தொலையாது. மெயில் அனுப்புவதில் பதில்கள் எண்களாக வருகின்றன. 4-இல் தொடங்கும் எண் வந்தால் “இப்போது முடியாது, பிறகு வா” என்று பொருள். 5-இல் தொடங்கினால் “ஏற்க மாட்டேன், திரும்பிப் போ” என்று பொருள். முதல் வகைப் பதில் கிடைத்தாலும், இணைப்பே கிடைக்காவிட்டாலும், அனுப்பிய சர்வர் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். பொதுவாக 5 நாள் வரை முயன்ற பிறகே அனுப்பியவருக்குத் திருப்பும்.

ஆகவே கூட்ட நேரத்தில் பத்துப் பேரை வாசலில் நிறுத்துவதால் நஷ்டமில்லை. அளவில்லாமல் எல்லோரையும் உள்ளே விட்டு, மெஷின் மூச்சுத்திணறி நின்றால்தான் உள்ளே இருப்பவர் வேலையும் கெடும். கரண்ட் போய் ஆறு மணி நேரம் கழித்து வரும்போது இதைப் பார்க்கலாம். அதுவரை வெளியில் காத்திருந்த கடிதங்கள் அடுத்தடுத்து வந்து மோதும். அளவு வைத்த சர்வர் வரிசையாக வாங்கிக்கொண்டு சில மணி நேரத்தில் சரியாகிவிடும்.

1988-இல் நடந்தது

ஆள் கணக்கும் கூட்டக் கணக்கும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பதற்கு ஒரு பழைய சம்பவம் சான்று. 1988 நவம்பர் 2 அன்று, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவரான ராபர்ட் மோரிஸ் தானே பரவும் ஒரு புரோகிராமை நெட்வொர்க்கில் விட்டார். அது யூனிக்ஸ் மெஷின்களுக்குள் புகுந்த வழிகளில் ஒன்று சென்ட்மெயில். சோதனை வேலைக்காக வைத்திருந்த ஒரு வாசலை மூடாமல் விட்டிருந்தார்கள். இன்னொரு வழி பாஸ்வேர்டு. ஆளின் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறாரா, பெயரைத் திருப்பி எழுதியிருக்கிறாரா என்று பார்த்தது. பிறகு தன்னிடமிருந்த 432 சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. பல இடங்களில் கதவு திறந்தது.

அது ஃபைல்களை அழிக்கவில்லை. ஒரே மெஷினில் தன் பிரதிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டது. லோடு ஏறி ஏறி மெஷின்கள் நின்றன. பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 என்பது அன்றைய மதிப்பீடு. தடுக்கும் வழியைச் சொன்ன ஒரு கடிதமே அந்த நெரிசலில் சிக்கி, நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மோரிஸுக்கு 1990-இல் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. இன்றும் கடைப் பெயரையும் 1234-ஐயும் சேர்த்துப் பாஸ்வேர்டு வைக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

வெளியே போகும் கடிதங்கள்

இன்று ஒருவர் பாஸ்வேர்டு திருட்டுப்போனால், திருடன் அதை வைத்து நம் சர்வரிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பைக் கடிதங்களை அனுப்புவான். ஷெட் நிரம்பும், லோடு ஏறும். நம் சர்வரின் எண் உலக அளவில் உள்ள கறுப்புப் பட்டியல்களில் ஏறும். பிறகு நாம் அனுப்பும் உண்மையான இன்வாய்ஸையும் மற்ற சர்வர்கள் வாங்க மறுக்கும். பட்டியலிலிருந்து வெளிவருவது எளிதல்ல. இதைத் தடுக்க, ஒருவர் மணிக்கு இத்தனை கடிதம்தான் அனுப்பலாம் என்று அளவு வையுங்கள். ஷெட்டில் எத்தனை கடிதம் நிற்கிறது என்பதை ‘மெயில்க்யூ’ என்ற கட்டளை சொல்லும். சாதாரண நாளில் பத்து, இருபது நிற்கும் இடத்தில் திடீரென இரண்டாயிரம் நின்றால், காரணத்தை அன்றே தேட வேண்டும்.

விலைப் பட்டியலை எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மூச்சில் அனுப்பாமல் சிறு சிறு பகுதியாக அனுப்புங்கள். 2024 பிப்ரவரி முதல் கூகுள், யாஹூ ஆகியவை, கடிதம் நம் சர்வரிலிருந்துதான் வந்தது என்பதற்கான அத்தாட்சியைக் கேட்கின்றன. எஸ்.பி.எஃப்., டிகிம் என்ற இந்தப் பதிவுகள் நம் பெயரில் சரியாக இருக்கின்றனவா என்று கேட்டு வையுங்கள்.

பாஸ்வேர்டு திருடியவன் குப்பை அனுப்பாமல், சும்மா இருந்து நம் கடிதங்களைப் படித்துக்கொண்டிருப்பது அதைவிட ஆபத்து. தக்க நேரம் பார்த்து, “எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இந்த எண்ணுக்குப் பணம் அனுப்பவும்” என்று நம் பெயரில் நம் வாடிக்கையாளருக்கு எழுதுவான். பேங்க் கணக்கு மாற்றம் என்று எந்தக் கடிதம் வந்தாலும், நமக்கு ஏற்கெனவே தெரிந்த போன் எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்பலாகாது. ஏமாந்தது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

சர்வர் சொந்தமோ வாடகையோ, மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்பவரை அழைத்துக் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள். பதிலை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள்.

1. இன்று எத்தனை பேருக்குக் கணக்கு இருக்கிறது? சம்பளப் பட்டியலில் இல்லாத பெயர் ஏதாவது உண்டா?

2. யார் யாருடைய கடிதம் வெளி முகவரிக்குத் தானாகப் போகிறது?

3. யார் பெட்டி கோட்டாவை நெருங்குகிறது? வரி முகவரியில் எவ்வளவு இடம் மிச்சம்? டிஸ்க்கில் இடமும் பதிவு எண்களும் எவ்வளவு பாக்கி?

4. காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் லோடு எவ்வளவு? பிராசஸர் எத்தனை?

5. லோடு மீறினால் வாசலை மூடும் அளவு வைத்திருக்கிறதா?

6. ஷெட்டில் எத்தனை கடிதம் நிற்கிறது? மிகப் பழையது எத்தனை நாள்?

7. கடைசியாகப் பேக்கப் எடுத்தது எப்போது? அதிலிருந்து ஒரு கடிதத்தையாவது திரும்ப எடுத்துப் பார்த்ததுண்டா?

இந்த ஏழுக்கும் அரை மணி நேரம் போதும். சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் முதல் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும். பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் பதினாறு கணக்குகள் உயிரோடு இருப்பது அபூர்வமல்ல. அந்த ஆறும் ஆளில்லாத ஆறு திறந்த கதவுகள்.

மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும் நாளோடு இதையும் சேர்த்துக்கொள்ளும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சிறு கடை நடத்துபவர்கள், ஜி.எஸ்.டி. பதிவில் இருக்கும் இ-மெயில் முகவரி யாருடையது, அதன் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, அந்தப் பெட்டியில் இடம் இருக்கிறதா என்பதையாவது இந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.